நித்திரைக் குளிசையை முதுமையில் மெல்லக் குறைப்பது எப்படி: திருகோணமலைக் குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

திருகோணமலையில் வயதானவர்கள் இருக்கும் வீடுகளில் மருந்துப் பையைத் திறந்தால், பிரஷர் குளிசை, சீனிக் குளிசை, கொலஸ்ட்ரோல் குளிசை எல்லாவற்றுக்கும் அடியில் "இரவுக்கு 1" என்று எழுதிய சின்னக் கவர் ஒன்றும் கிடப்பதுண்டு. எப்போது தொடங்கினீர்கள் என்று கேட்டால் வருடத்தை நேராகச் சொல்லமாட்டார்கள். "சுனாமிக்குப் பிறகு" என்பார்கள். மூதூர், சம்பூர்ப் பக்கத்தவர்கள் 2006 இடப்பெயர்வைச் சொல்வார்கள். "இவர் மோசம்போன வருடம்" என்று சொல்பவர்களும் உண்டு. அன்றைக்கு அந்த மருந்து தேவைப்பட்டிருக்கலாம். ஆனால் அது சில நாட்களுக்கு, மிஞ்சினால் இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்கு எடுக்க வேண்டிய மருந்து. கிளினிக் கொப்பியில் பழைய பக்கத்தைப் பார்த்துப் புதிய பக்கத்தில் எழுதி எழுதியே இருபது வருடம் ஓடிவிடுகிறது.

இந்தக் குளிசையைக் குறைக்க நினைக்கும் பெரியவர்களுக்கும், அவர்களைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகளுக்கும் இதை எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இதை வாசித்துவிட்டு இன்றிரவே நிறுத்திவிடாதீர்கள். பல மாதமாக, வருடக்கணக்காக எடுத்தவர் சட்டென்று விட்டால் வலிப்பு வரலாம், புத்தி தடுமாறலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். குறைக்கும் திட்டத்தை எழுதவேண்டியது டொக்டர். இறங்கும் வேகத்தைச் சொல்லவேண்டியது குளிசை எடுப்பவரின் உடம்பு. பிள்ளைகளின் அவசரத்துக்கு இதில் இடமில்லை.

படி 1: அது என்ன குளிசை?

"நித்திரைக் குளிசை", "நரம்புக் குளிசை", "யோசனைக்குத் தந்தது" என்று வீட்டில் அதற்குப் பல பெயர். கவரில் இருக்கும் மருந்துப் பெயரை வாசியுங்கள். டயசெபாம், குளோனசெபாம், அல்பிரசோலம், லோரசெபாம் என்று இருந்தால் அது பென்சோடயசெபின் குடும்பம். சொல்பிடெம் வேறு வகை என்றாலும் மூளையில் அதே இடத்தில்தான் வேலை செய்கிறது. அதையும் படிப்படியாகவே குறைக்க வேண்டும். தனியாரிடம் வாங்கிய பெட்டியில் கம்பனிப் பெயர் பெரிதாகவும் மருந்துப் பெயர் பொடி எழுத்திலும் இருக்கும். இரண்டு டொக்டர்மாரிடம் காட்டுபவர்கள் ஒரே மருந்தை இரண்டு பெயரில் எடுப்பதும் நடக்கிறது, கவனியுங்கள்.

செர்ட்ராலின், புளுவொக்சடீன், எஸ்சிட்டலோபிராம் போன்றவை இந்தக் குடும்பம் அல்ல. பதகளிப்புக்கு நீண்டகாலம் எடுக்கக்கூடியவை அவை. நித்திரைக் குளிசையைக் குறைக்கும் காலத்தில் அவற்றில் கைவைக்காதீர்கள். நெஞ்சுப் படபடப்புக்குத் தரும் புரோப்ரானலோலையும் சட்டென்று நிறுத்தக் கூடாது. குளோனசெபாம் உங்களுக்கு வலிப்பு வருத்தத்துக்காக எழுதப்பட்டிருந்தால் இந்த வழிகாட்டி உங்களுக்கானது இல்லை. அதை எழுதிய டொக்டரிடமே கேளுங்கள்.

மில்லிகிராம் கணக்கைப் பார்த்து ஏமாற வேண்டாம். "எனக்கு வெறும் அரை மில்லிகிராம்தானே" என்று குளோனசெபாம் எடுப்பவர்கள் சொல்வார்கள். அந்த அரை மில்லிகிராம், கிட்டத்தட்ட 10 மில்லிகிராம் டயசெபாமுக்குச் சமன். அல்பிரசோலம் 0.5, லோரசெபாம் 1 மில்லிகிராம் ஆகியவையும் ஏறக்குறைய அதே வலு. இது மருந்தின் வலுவைப் புரிந்துகொள்வதற்கான கணக்கு. இதை வைத்து வீட்டில் மருந்து மாற்றிவிடக் கூடாது.

படி 2: இந்த வயதில் ஏன் குறைக்க வேண்டும்?

வயது ஏற ஏற ஈரல் மெதுவாக வேலை செய்கிறது, உடம்பில் தசை குறைந்து கொழுப்பின் பங்கு கூடுகிறது. டயசெபாம் கொழுப்பில் தங்கும் மருந்து. இருபது வயதுக்காரரின் உடம்பில் ஒரு நாளளவில் பாதியாகும் டயசெபாம், எண்பது வயதில் பாதியாக மூன்று நாளுக்கு மேலும் எடுக்கலாம். அதாவது நேற்றைய குளிசை முடியுமுன் இன்றைய குளிசை மேலே சேர்கிறது. அளவு கூடாமலேயே மருந்து கூடுகிறது.

அதன் விளைவு இரவு இரண்டு மணிக்கு, மலசலகூடத்துக்கு எழும்பும்போது தெரியும். வளவுக்குள் பத்தடி நடந்து, வாசற்படி இறங்கிப் போகவேண்டிய பழைய வீடுகளில் அது இன்னும் மோசம். விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் பல முதியவர்கள் பழைய நடைக்குத் திரும்புவதில்லை. மறதியும் கூடும். "அம்மாவுக்கு அறளை பெயர்ந்துவிட்டது" என்று வீட்டார் முடிவுகட்டிய சிலரில், குளிசை குறைந்த பிறகு பேச்சிலும் முகத்திலும் தெளிவு திரும்பியிருக்கிறது. எல்லாருக்கும் அப்படி நடக்கும் என்று சொல்லவில்லை. ஆனால் மறதிக்குக் காரணம் தேடும்போது மருந்துப் பையையும் ஒருதரம் பாருங்கள். அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் வெளியிடும் பியர்ஸ் பட்டியல், 65 வயதைத் தாண்டியவர்கள் தவிர்க்கவேண்டிய மருந்துகளைச் சொல்வது. அதில் பென்சோடயசெபின் குடும்பம் முழுதாகவே இருக்கிறது.

"இந்த வயதில் இனி முடியுமா?" முடியும். கனடாவின் கியூபெக்கில் நடந்து 2014இல் வெளியான ஓர் ஆய்வில், இந்தக் குளிசையை நெடுங்காலம் எடுத்த முதியவர்களுக்கு அதன் ஆபத்தையும் மெல்லக் குறைக்கும் முறையையும் விளக்கும் சிறு கையேடு ஒன்றைக் கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் 27 வீதமானோர் முழுதாக நிறுத்தியிருந்தார்கள். கையேடு கிடைக்காதவர்களில் நிறுத்தியவர்கள் 5 வீதம்.

படி 3: வீட்டில் வைத்துக் குறைக்கக் கூடாதவர்கள்

முன்பு எப்போதாவது வலிப்பு வந்தவர்கள், தினமும் சாராயம் எடுப்பவர்கள், ஒருதரம் குளிசையை விட்டுப் புத்தி தடுமாறியவர்கள், உயிரை மாய்க்கும் எண்ணம் உள்ளவர்கள், மிக அதிக அளவில் எடுப்பவர்கள். இவர்களுக்கு ஆஸ்பத்திரியில் தங்கவைத்துக் குறைக்கவேண்டி வரலாம். குடியை மறைத்துவிட்டுத் திட்டம் வாங்குவதுதான் இதில் மிகவும் ஆபத்தானது. மதுவும் இந்தக் குளிசையும் மூளையில் ஒரே பூட்டைத்தான் திறக்கின்றன. டிரமடோல், கொடீன் போன்ற வலிநிவாரணிகளும் சேர்ந்தால் மூச்சே அடங்கிப்போகலாம். அவற்றையும் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

படி 4: கிளினிக்குக்குப் போகும் முன்

திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையின் மனநலக் கிளினிக்கில் கேட்கலாம். "அங்கே போனால் சனம் என்ன நினைக்கும்" என்று தயங்குபவர்கள், வழக்கமாகப் போகும் மெடிக்கல் கிளினிக்கிலோ குடும்ப டொக்டரிடமோ தொடங்கலாம். கிண்ணியா, மூதூர், கந்தளாய்க்காரர்கள் தங்கள் ஆதார வைத்தியசாலையில் விசாரிக்கலாம். எங்கே போனாலும் நீண்ட வரிசை, டொக்டருக்குச் சில நிமிடம்தான். அதனால் ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக்கொண்டு போவது நல்லது. இப்படி:

"டொக்டர், அம்மாவுக்கு 74 வயது. 2005இலிருந்து இரவில் டயசெபாம் 5 மி.கி. எடுக்கிறா. மெல்லக் குறைக்க அவவுக்கே விருப்பம். போன வருடம் இரண்டு தரம் விழுந்தவ. வலிப்பு வந்ததில்லை, குடிப் பழக்கம் இல்லை. மற்ற மருந்துகளின் பட்டியல் பின்பக்கம். 2 மி.கி. குளிசையும் சேர்த்து எழுதித் தர முடியுமா? ஒரு படியில் கஷ்டப்பட்டால் என்ன செய்ய வேண்டும்?"

"அவவுக்கே விருப்பம்" என்ற வரி பொய்யாக இருக்கக் கூடாது. விருப்பமில்லாத ஒருவரிடமிருந்து குளிசையைப் பறிப்பதும், தெரியாமல் பாதியாக வெட்டிக் கொடுப்பதும் நடப்பதுண்டு. இரண்டாவது இன்னும் மோசம். கண்டுபிடித்துவிட்டால் பிறகு நீங்கள் தரும் எந்த மருந்தையும் நம்பமாட்டார்கள்.

தொடங்கும் மாதத்தையும் யோசியுங்கள். கச்சான் காற்று வீசும் காலத்தில் இரவிலும் வெக்கை. நல்ல உடம்புக்காரருக்கே நித்திரை வராது. கார்த்திகை, மார்கழி மாரியில் வெள்ளம் நின்றால் கிளினிக் நாள் தவறும், குளிசை முடிந்துபோகும். மழை ஓய்ந்த மாசி, பங்குனி அளவில் தொடங்குவது எனக்குச் சரியாகப் படுகிறது. நோன்பு பிடிப்பவர்கள் றமழான் மாதத்தில் புதிய படி இறங்காமல், அப்போதிருக்கும் அளவிலேயே நிற்கலாம். பகலில் எடுக்கும் வேளை இருந்தால் நோன்புக்கு முன்பே டொக்டரிடம் நேரத்தை மாற்றிக் கேளுங்கள். கலியாண வீடு, சத்திரசிகிச்சை, செத்தவீடு நடந்த மாதம் இவையும் இறங்குவதற்கு உகந்தவை இல்லை.

படி 5: இறங்கும் கணக்கு

2025இல் பல அமெரிக்க மருத்துவ அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டல், இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்கு ஒருதரம் 5 முதல் 10 வீதம் குறைத்துத் தொடங்கலாம் என்கிறது. எப்படியிருந்தாலும் இரண்டு வாரத்துக்குள் 25 வீதத்தைத் தாண்டக் கூடாது. முதியவர்களுக்கு நான் நான்கு வாரத்தின் பக்கம்தான்.

டயசெபாம் 5 மில்லிகிராம் எடுப்பவருக்கு இது நடைமுறையில் எப்படி வரும் என்று பார்ப்போம். 5 மி.கி., 2 மி.கி. என்று இரண்டு குளிசையும் கையில் இருந்தால் அரை மில்லிகிராம் படிகளாக இறங்கலாம்:

4.5 = 5இல் பாதி + ஒரு 2
4 = இரண்டு 2
3.5 = 5இல் பாதி + 2இல் பாதி
3 = ஒரு 2 + 2இல் பாதி
2.5 = 5இல் பாதி
2 = ஒரு 2
1.5 = 2இல் பாதி + 2இல் கால்

இது ஒரு மாதிரிதான். உங்கள் டொக்டர் எழுதித் தருவதுதான் உங்கள் திட்டம். இந்தக் கணக்கில் ஒரு பொறி இருக்கிறது, கவனித்தீர்களா? 5இலிருந்து 4.5க்கு வருவது 10 வீதக் குறைப்பு. அதே அரை மில்லிகிராம், 2இலிருந்து 1.5க்கு வரும்போது 25 வீதம். 1.5இலிருந்து 1க்கு 33 வீதம். 1இலிருந்து அரைக்கு வந்தால் பாதியே போய்விடுகிறது. "கிட்டத்தட்ட முடிந்துவிட்டதே, இனி விட்டுவிடலாம்" என்று பலர் தடுக்கி விழுவது இங்கேதான். கீழே வர வர வெட்டு சிறுக்க வேண்டும், அல்லது நிற்கும் காலம் நீள வேண்டும். டயசெபாம் உடம்பில் நெடுநேரம் தங்குவதால், ஓர் இரவு 1.5, மறு இரவு 1 என்று மாற்றி மாற்றி எடுக்கச் சில டொக்டர்மார் சொல்வார்கள். உடம்பைவிட்டுச் சீக்கிரம் போய்விடும் அல்பிரசோலத்துக்கு இந்த முறை சரிவராது. டயசெபாம் பாணி மருந்தாகக் கிடைத்தால் ஊசிக்குழாயால் அளந்து இன்னும் நுணுக்கமாகக் குறைக்கலாம். பார்மசியில் கேட்டுப் பாருங்கள். குளிசையைத் தண்ணீரில் கரைத்து அளக்கும் வேலை வேண்டாம். டயசெபாம் தண்ணீரில் கரைவதில்லை, அடியில் படிந்துவிடும்.

ஆக, 5 மில்லிகிராமிலிருந்து இறங்கி முடிக்க ஏறக்குறைய ஒரு வருடம் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் மாமி, மருந்தை எடுத்த காலத்தைச் சொல்லி, "அவ்வளவு வருடம் எடுத்ததுக்கு இது என்ன" என்றா. அந்த மனநிலை நல்லது.

வெட்டுவதற்கு, குளிசை வெட்டும் சின்னப் பெட்டியைப் பார்மசியில் கேளுங்கள். சமையலறைக் கத்தியால் வெட்டினால் ஒரு பாதி பெரிதாகவும் மறுபாதி பொடியாகவும் போகும். நல்ல கண்பார்வை உள்ளவர் ஒருவர், வாரத்துக்கு ஒருதரம் ஏழு நாளைக்கும் வெட்டிப் பெட்டியில் போட்டுவைத்தால் போதும். மெதுவாகக் கரையும் வகைக் குளிசை என்றால் வெட்டவே கூடாது.

அல்பிரசோலம் எடுப்பவர்களை டயசெபாமுக்கு மாற்றிக் குறைப்பது உலகெங்கும் உள்ள வழக்கம். முதியவர்களில் அதற்கு மறுபக்கமும் உண்டு. டயசெபாம் சேர்ந்து சேர்ந்து பகலிலும் தள்ளாட வைக்கும். அதனால் மாற்றுவதா, அதே மருந்தில் இறங்குவதா என்பதை டொக்டரே பார்த்துச் சொல்லவேண்டும்.

படி 6: குறைத்த பிறகு உடம்பு என்ன செய்யும்?

நித்திரை குழம்பும். கை நடுங்கும், வியர்க்கும், நெஞ்சு அடிக்கும். சத்தமும் வெளிச்சமும் குத்துவதுபோல் இருக்கும், காதில் இரைச்சல் கேட்கும், சின்ன விஷயத்துக்கும் அழுகையோ கோபமோ வரும். அல்பிரசோலத்தில் இவை ஓரிரண்டு நாளில் தலைகாட்டும். டயசெபாமில் ஒரு வாரம் கழித்தும் வரலாம். அதனால்தான் "மூன்று நாள் ஒன்றும் இல்லை, அடுத்த படி இறங்குவோம்" என்று அவசரப்படக் கூடாது.

பழைய வருத்தம் திரும்பிவிட்டதோ என்று பயம் வரும். குறைப்பினால் வரும் தொந்தரவு பெரும்பாலும் அலையலையாக வந்து, அதே அளவில் நின்றால் நாட்போக்கில் தணியும். பழைய பதகளிப்பு திரும்பினால் அது தணியாமல் வாரக்கணக்காக நிலைத்து நிற்கும், பழைய நினைவுகளும் பயங்களும் கூடவே வரும். எப்போதும் இப்படித் தெளிவாகப் பிரிக்க முடியாது. ஒரு கொப்பியில் நாள், அளவு, எத்தனை மணி நித்திரை, படபடப்பு பத்துக்கு எத்தனை, விழுந்தாரா என்று ஐந்து விஷயம் மட்டும் எழுதுங்கள். அதைப் பார்த்தால் டொக்டருக்கு விளங்கும். நாள் முழுக்க உடம்பையே கவனித்துப் பக்கம் பக்கமாக எழுதினால் பதகளிப்புத்தான் கூடும்.

கஷ்டமாக இருந்தால் அதே அளவில் நில்லுங்கள். இரண்டு வாரம், ஒரு மாதம், தேவையென்றால் இன்னும். தாங்கவே முடியாவிட்டால் முந்தைய படிக்கு ஏறுவது பற்றி டொக்டரிடம் கேளுங்கள். பாதி வரைக்கும் இறங்கி அங்கேயே நின்றுவிட்டாலும் விழும் ஆபத்து குறையும். அதைத் தோல்வி என்று யாரும் சொல்ல வேண்டாம்.

எல்லாவற்றையும் குளிசையின் மேல் போடவும் கூடாது. சீனி வருத்தம் உள்ளவருக்கு வியர்வை, நடுக்கம், படபடப்பு வந்தால் முதலில் சீனியைக் குத்திப் பாருங்கள். சீனி இறங்கினாலும் இதே அறிகுறிதான். நெஞ்சுவலி என்றால் காத்திருக்காதீர்கள். வலிப்பு, ஆள் இடம் தெரியாத தடுமாற்றம், இல்லாததைப் பார்ப்பது, நாட்கணக்காகத் துளி நித்திரையும் இல்லாமை என்றால் 1990 சுவசெரிய அம்புலன்சைக் கூப்பிடுங்கள். உயிரை விடும் எண்ணம் வந்தால் தேசிய மனநல உதவி இலக்கம் 1926. அந்த ஆளைத் தனியே விடவும் வேண்டாம்.

படி 7: இரவைப் பழக்குவது

எழுபது வயதில் எட்டு மணி நேர நித்திரையை எதிர்பார்ப்பதே பாதித் தொல்லை. ஆறு மணி நேரம் தூங்கி, விடிய நாலரைக்கு விழிப்பது இந்த வயதில் வழமை. ஒன்பது மணிக்கே படுக்கைக்குப் போய் நித்திரை வரவில்லையே என்று புரள்வதைவிட, பத்தரைக்குப் போவது நல்லது. எப்போது தூங்கினாலும் எழும்பும் நேரம் ஒன்றாக இருக்கட்டும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சாய்வது அரை மணியைத் தாண்ட வேண்டாம். மத்தியானத்துக்குப் பிறகு தேத்தண்ணியையும் விடுங்கள்.

நம் வீடுகளுக்கே உரிய ஒரு குழப்பம், லண்டன் பிள்ளைகளின் அழைப்பு. அவர்கள் வேலை முடிந்து வீடு வந்து எடுக்கும்போது இங்கே நடுச்சாமம். கதைத்து முடிந்த பிறகு அம்மாவின் தலைக்குள் பேரப்பிள்ளையின் காய்ச்சல் ஓடிக்கொண்டிருக்கும். சனி, ஞாயிறு பகலில் எடுக்கச் சொல்லுங்கள். வாரநாளில் குரல் பதிவு போதும்.

விடியற்காலையில் டச்பே கடற்கரையிலோ வீட்டு ஒழுங்கையிலோ நடப்பது, அன்றைய வெளிச்சம் கண்ணில் படுவது, இரண்டும் இரவு நித்திரைக்கு உதவும். படபடப்பு ஏறும்போது மூச்சை உள்ளே எடுப்பதைவிட வெளியே விடுவதை நீட்டுங்கள். தேவாரம் மெல்ல இழுத்துப் பாடுபவர்கள், திக்ர் செய்பவர்கள் அறியாமலே செய்வது இதைத்தான்.

குளிசைக்குப் பதிலாக இன்னொன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டாம். தும்மலுக்குத் தரும் பிரிட்டோன் (Piriton) குளிசையை நித்திரைக்காக எடுப்பது நம் ஊரில் சாதாரணம். வயதானவர்களுக்கு அது மறதியையும் தடுமாற்றத்தையும் தரும், சிறுநீரையும் கட்டும். பக்கத்து வீட்டு அக்காவின் குளிசை, என்ன சேர்ந்தது என்று தெரியாத நாட்டுச் சூரணம், "மருந்துக்கு ஒரு பெக்" எல்லாம் இதே கணக்குத்தான். வலுவான பதகளிப்பு அடியில் இருந்தால் அதற்கு வேறு சிகிச்சை உண்டு. செர்ட்ராலின் போன்ற மருந்தையோ உளவளத்துணையையோ குறைக்கத் தொடங்குமுன்பே டொக்டர் ஏற்பாடு செய்யலாம்.

படி 8: இடையில் வரும் இடைஞ்சல்கள்

குளிசை முடிவதற்கு ஒரு வாரம் முன்பே அடுத்த மருந்துச் சிட்டையைத் தயார்படுத்துங்கள். கொழும்புக்கோ இந்தியாவுக்கோ போனால் மருந்தோடு சிட்டையும் கைப்பையில் இருக்கட்டும். வேறு வருத்தத்துக்கு ஆஸ்பத்திரியில் மறித்தால், நித்திரைக் குளிசை குறைத்துவருவதாக வார்ட் டொக்டரிடமும் மிஸ்ஸியிடமும் முதல் நாளே சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அங்கே அது சட்டென்று நின்றுபோகக்கூடும்.

மற்ற மருந்துகளும் ஆட்டிவைக்கும். வயிற்றெரிவுக்கு எடுக்கும் ஒமெப்ரசோல், டயசெபாமை உடம்பில் தேக்கும்; ஒமெப்ரசோலை நிறுத்தினால் நீங்கள் குறைக்காமலேயே டயசெபாம் குறையும். கிளரித்ரோமைசின் என்ற அன்டிபயோட்டிக் அல்பிரசோலத்தை ஏற்றிவிடும். புதிய மருந்து எது தந்தாலும் பார்மசியில் ஒருதரம் கேளுங்கள்.

கடைசித் துணுக்கும் நின்ற பிறகு, சில மாதத்துக்கு அவ்வப்போது ஒரு மோசமான இரவு வரும், போகும். கிளினிக் நாட்களை விடாதீர்கள். மிஞ்சிய குளிசைகளை அலுமாரியில் வைக்காமல் பார்மசியிலோ ஆஸ்பத்திரியிலோ கொடுத்துவிடுங்கள். கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில், எந்த மருந்து, எந்த மாதம் நிறுத்தியது, திரும்பத் தொடங்குமுன் எங்களிடம் கதைக்கவும் என்று டொக்டரைக் கொண்டே எழுதுவியுங்கள். அடுத்த தடவை கொப்பியைத் திறப்பது வேறொரு டொக்டராக இருக்கலாம்.